உறைதலும் இளகுதலும்: மாறும் குளிர்காலத்தில் வீட்டு ஃபேர்னஸைக் காத்தல்

தென் ஒன்ராறியோவின் குளிர்காலம் ஒரே சீராக நீடிப்பதில்லை. ஒன்ராறியோ ஏரியின் கரையை ஒட்டிய ரொறன்ரோ பெரும்பாகத்தில், டிசம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களில், வெப்பநிலை நீரின் உறைநிலையாகிய 0 பாகை செல்சியஸைப் பலமுறை மேலும் கீழுமாகக் கடக்கிறது. பகலில் 5 பாகை வரை ஏறிய வெப்பத்தில் கூரைப்பனி இளகிச் சொட்ட, அன்றிரவே வெப்பநிலை –12 பாகைக்கு இறங்கி, சொட்டிய நீர் தேங்கிய இடமெல்லாம் கல்லாக இறுகிவிடுகிறது. வினிப்பெக் போன்ற உள்நாட்டு நகரங்களில் குளிர் இதைவிடக் கடுமையானது என்றாலும், அங்கே நடுக்குளிர்காலப் பனி வாரக்கணக்கில் உலர்ந்த தூளாகவே கிடக்கிறது. ஏரிக்கரை நகரங்களிலோ பனி நீராகி, நீர் மீண்டும் பனியாகும் சுழற்சி ஓய்வதில்லை. இங்கே நடுக்குளிரில் வெப்பமூட்டும் கருவிகள் நின்றுபோவதற்கான காரணங்களை ஆராய்ந்தால், அவற்றுட் பல இச்சுழற்சியிலேயே போய் முடிகின்றன. ஆகவே இப்பகுதியில் வெப்பமூட்டியைப் பேணுதல் என்பது பெருமளவுக்கு நீரைக் கவனித்தலே ஆகும்: நீர் எங்கே உருவாகிறது, எவ்வழியாக வெளியேறுகிறது, எங்கே உறைந்து வழியை அடைக்கிறது என்னும் மூன்றையும் அறிந்த வீட்டார், பழுதுகளிற் பெரும்பகுதியை முன்கூட்டியே தவிர்த்துவிடலாம்.

ஃபேர்னஸ் இயங்கும் முறை

ரொறன்ரோ, மார்க்கம், பிராம்ப்டன், ஏஜக்ஸ் ஆகிய நகரங்களின் தனிவீடுகளிலும் தொடர்வீடுகளிலும் பெரும்பாலும் இருப்பது இயற்கை வாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஆகும். இது வழக்கமாக நிலவறையில் நிறுத்தப்பட்டு, சூடான காற்றைத் தகரக் குழாய்களின் வழியே ஒவ்வோர் அறைக்கும் அனுப்பி, குளிர்ந்த காற்றைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. வாயு ஃபேர்னஸ் தன் எரிபொருளின் வெப்பத்தில் குறைந்தது 90 விழுக்காட்டைப் பயனாக்க வேண்டும் என்னும் விதி கனடாவில் 2009ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. 2019இல் அந்த அளவு 95 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இதனால் இன்றைய வீடுகளில் பொருத்தப்படுபவை யாவும் ஒடுக்கவகை ஃபேர்னஸ்களே. எரிந்த வாயுவில் உள்ள நீராவியை நீராக ஒடுக்கி, அந்த ஒடுக்கத்தின்போது வெளிப்படும் வெப்பத்தையும் வீட்டுக்கே திருப்புவதால் இவை இப்பெயர் பெற்றன.

ஒரு கன மீட்டர் இயற்கை வாயு எரியும்போது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் உருவாகிறது. பழைய ஃபேர்னஸ்கள் இந்நீரைச் சூடான ஆவியாகவே புகைபோக்கியின் வழியே கூரைக்கு மேல் அனுப்பிவிட்டன. ஒடுக்கவகை ஃபேர்னஸோ அதன் பெரும்பகுதியைக் கருவிக்குள்ளேயே திரவமாக்கி, சற்று அமிலத்தன்மையுள்ள வடிநீராக வடிகாலுக்கு அனுப்புகிறது. எஞ்சிய ஈரப்புகையை வெளிச்சுவரில் பொருத்திய பிளாஸ்டிக் குழாயின் வழியே வெளியேற்றுகிறது. எரிபொருளை மிச்சப்படுத்தும் இந்த நுட்பமே உறைபனிக் காலத்தில் ஃபேர்னஸுக்கு இரண்டு பலவீனமான இடங்களை உண்டாக்கியுள்ளது: ஒன்று வெளிச்சுவர்க் குழாய், மற்றொன்று வடிநீர்ப் பாதை.

ஃபேர்னஸ் எரியத் தொடங்கும் ஒழுங்கையும் அறிந்திருத்தல் நலம். வீட்டின் வெப்பநிலை குறித்த அளவுக்குக் கீழே இறங்கியதும், தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி ஃபேர்னஸுக்குச் செய்தி அனுப்புகிறது. முதலில் புகையை இழுத்து வெளித்தள்ளும் சிறுவிசிறி சுழல்கிறது. காற்றுப்பாதை தடையின்றி இருப்பதை அழுத்தச் சுவிட்ச் என்னும் சிறு காவற்கருவி உறுதி செய்கிறது. அதன்பின்னரே மூட்டி செந்தழலாகி, வாயு வாயில் திறந்து, சுடர் பற்றுகிறது. குழாயில் பனி அடைத்தாலும், வடிநீர் தேங்கிக் கருவிக்குள் ஏறினாலும், அழுத்தச் சுவிட்ச் இணங்க மறுக்க, ஃபேர்னஸ் சில முறை முயன்றுவிட்டுத் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. இது கருவியின் குற்றமன்று. நச்சுப்புகை வீட்டுக்குள் திரும்பாமல் காக்கும் ஏற்பாடு. ஆகவே காரணத்தைத் தேடாமல் மின்சுவிட்சை மீண்டும் மீண்டும் அணைத்துப் போடுவதும், அழுத்தச் சுவிட்சைத் தவிர்த்துக் கம்பியை நேரே இணைப்பதும் உயிருக்கே ஆபத்தான செயல்களாகும்.

வெளிச்சுவரின் இரு குழாய்கள்

வீட்டின் பக்கச்சுவரிலோ பின்சுவரிலோ அருகருகே தெரியும் இரு வெண்ணிற அல்லது சாம்பல்நிறக் குழாய்களில் ஒன்று எரிதலுக்கான காற்றை உள்ளிழுப்பது, மற்றொன்று புகையை வெளிவிடுவது. எதிர்பார்க்கத்தக்க பனிமட்டத்திலிருந்து குறைந்தது 30 சென்றிமீட்டர் உயரத்தில் அவற்றின் வாய்கள் இருக்குமாறு பொருத்துதல் மரபு. எனினும் காற்று அள்ளிக் குவிக்கும் பனியும், நடைபாதையிலிருந்து சவளால் வாரி ஒதுக்கிய பனியும் அந்த உயரத்தை எளிதில் எட்டிவிடுகின்றன. வாகனப் பாதையைத் துப்புரவாக்கும்போது பனியை எப்பக்கம் எறிவது என்பதை இக்குழாய்களின் இருப்பிடத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பின்னும், குழாய் வாய்களைச் சுற்றி ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்குக் கையாலோ மென்மையான துடைப்பத்தாலோ பனியை அகற்றுதல் வேண்டும்.

குவியும் பனியைவிடக் கவனத்துக்குத் தப்புவது, குழாயின் வாயிலேயே வளரும் பனிப்பாளம் ஆகும். வெளியேறும் ஈரப்புகை குளிர்காற்றைத் தொட்டதும் துளித்துளியாக உறைந்து விளிம்பில் படிகிறது. காற்று அப்புகையை உள்ளிழுக்கும் குழாயின் பக்கம் திருப்பினால், அதன் வலைமூடியிலும் வெண்பனி படர்ந்து நாளடைவில் வழியை மூடுகிறது. கூரை விளிம்பின் மழைநீர்ப் பீலி பழுதாகி அதிலிருந்து நீர் இக்குழாய்களின்மேல் சொட்டுமானால், இளகும் பகலைத் தொடர்ந்து வரும் உறையும் இரவு அடைப்பை முழுமையாக்கிவிடும். ஆகவே இலையுதிர்காலத்தில் கூரைப் பீலிகளில் விழுந்த இலைகளை அகற்றுவதும் ஃபேர்னஸ் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது. துணி உலர்த்தியின் வெளிவாய் அருகில் இருந்தால், அதிலிருந்து வரும் ஈரமும் நூற்பஞ்சும் உள்ளிழுக்கும் குழாயை அடைக்கக்கூடும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாயு அளவுமானியும் அதன் அழுத்தச் சீராக்கியும் இவ்வாறே காக்கப்பட வேண்டியவை. சீராக்கியின் சிறுதுளை மூச்சுவிடுமளவுக்குத் திறந்திருந்தால்தான் வாயுவின் அழுத்தம் சீராக நிற்கும். உறைமழையால் அதன்மேல் பனிக்கட்டி படிந்தால், சுத்தியலாலோ சவளாலோ தட்டுவதும் கொதிநீர் ஊற்றுவதும் கூடாது. தட்டினால் பொருத்துகள் உடையும், ஊற்றிய நீரே சற்று நேரத்தில் புதிய பனிக்கட்டியாகும். தளர்ந்த பனியைக் கையால் நீக்கி, இறுகிய பனிக்கட்டியை அகற்ற வாயு வழங்கும் நிறுவனத்தை அழைப்பதே முறை.

வடிநீரின் வழி

ஒடுக்கவகை ஃபேர்னஸின் வடிநீர் முதலில் ஒரு வளைபொறியில் சேர்கிறது. புகை வெளியே கசியாதவாறு சிறிதளவு நீரை எப்போதும் தேக்கி வைக்கும் வளைந்த குழாய் அமைப்பே வளைபொறி ஆகும். அங்கிருந்து நீர் மெல்லிய குழாயின் வழியே நிலவறைத் தரையின் வடிகாலுக்கோ, வடிகால் தொலைவில் இருப்பின் சிறு நீரேற்றிக்கோ செல்கிறது. இப்பாதை முழுவதும் வெப்பமான அறைக்குள் அமைந்திருந்தால் உறையும் அச்சம் இல்லை. குழாய் கராஜின் வழியாகவோ, வெப்பமூட்டப்படாத தாழ்வெளியின் வழியாகவோ, சுவரைத் துளைத்து வெளியேயோ போனால், கடுங்குளிர் இரவில் அது உறைந்து, நீர் கருவிக்குள் திரும்பி ஏறி, ஃபேர்னஸை நிறுத்திவிடும். அத்தகைய பகுதிகளைக் காப்புறையால் போர்த்துவதோ, மின்வெப்ப நாடா சுற்றுவதோ, முடியுமாயின் பாதையையே உள்ளே மாற்றுவதோ குளிர் தொடங்குமுன் முடிக்கப்பட வேண்டிய வேலைகள்.

புகைக்குழாய் ஃபேர்னஸை நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும் என்பதும் இதனோடு தொடர்புடையது. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 2 சென்றிமீட்டர் சரிவு இருந்தால், குழாயினுள் ஒடுங்கும் நீர் வளைபொறிக்குத் திரும்பிவிடும். தாங்கிகள் தளர்ந்து குழாய் நடுவில் தொய்ந்தால், அத்தொய்வில் நீர் தேங்கிக் காற்றுப்பாதையைக் குறுக்கும். ஃபேர்னஸிலிருந்து களகளவென்ற ஒலி கேட்பதும், அதன் அடியில் ஈரம் காணப்படுவதும் வடிநீர் தடைப்பட்டதற்கான அறிகுறிகள்.

வடிகட்டியும் காற்றோட்டமும்

வெளியே 5 பாகை இருக்கும் நாளில் ஃபேர்னஸ் சில நிமிடங்கள் எரிந்து நெடுநேரம் ஓய்கிறது. –20 பாகையை ஒட்டிய இரவிலோ ஏறத்தாழ இடைவிடாது உழைக்கிறது. அழுக்கேறிய காற்று வடிகட்டியுடன் இளம்குளிரில் ஒருவாறு ஓடிய ஃபேர்னஸ், திடீரெனக் குளிர் இறுகும்போது போதிய காற்றின்றி, சுடரின் வெப்பத்தைக் காற்றுக்கு ஏற்றும் தன் வெப்பமாற்றியை மிகையாகச் சூடாக்கி, வெப்ப எல்லைச் சுவிட்சால் நிறுத்தப்படுவது இதனாலேயே நிகழ்கிறது. மீண்டும் மீண்டும் அவ்வாறு சூடேறினால், காலப்போக்கில் வெப்பமாற்றியின் உலோகமே விரிசல் காணலாம். ஓர் அங்குலத் தடிப்புள்ள வடிகட்டியைக் குளிர்காலத்தில் மாதந்தோறும் பார்த்து, ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மாற்ற வேண்டும்; நான்கு அங்குல வடிகட்டி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும். சட்டகத்தில் அச்சிட்ட அம்புக்குறி, காற்று ஃபேர்னஸை நோக்கிச் செல்லும் திசையைக் காட்டுமாறு பொருத்துதல் அவசியம்.

ஆளில்லாத அறைகளின் காற்றுவாய்களை மூடினால் செலவு குறையும் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. பல வாய்களை மூடுவது மொத்தக் காற்றோட்டத்தைக் குறைத்து அழுக்கு வடிகட்டியின் அதே தீங்கையே செய்வதோடு, அவ்வறையின் வெளிச்சுவருக்குள் செல்லும் நீர்க்குழாய் உறைவதற்கும் இடமளிக்கிறது. ஸ்காபரோவிலும் பிராம்ப்டனிலும் தமிழ்க் குடும்பங்கள் பல மேல்தளத்தில் வாழ்ந்து நிலவறையை வாடகைக்கு விடுவதால், ஃபேர்னஸ் ஒருவர் பகுதியிலும் தெர்மோஸ்டாட் மற்றவர் பகுதியிலும் அமைந்துவிடுகின்றன. ஃபேர்னஸைச் சுற்றி அரிசி மூட்டைகளையும் பயணப்பெட்டிகளையும் அடுக்காது இடம்விடுதல், வண்ணப்பூச்சு, பெற்றோல் போன்றவற்றை ஃபேர்னஸ் உள்ள அறையில் வைக்காதிருத்தல், வடிகட்டி மாற்றும் பொறுப்பு யாருடையது என முன்கூட்டியே பேசி வைத்தல் ஆகியவை இரு குடும்பங்களின் பாதுகாப்புக்கும் உரியவை. ரொறன்ரோ மாநகர விதிப்படி, குளிர்காலத்தில் வாடகை இல்லத்தில் குறைந்தது 21 பாகை வெப்பம் நிலவச் செய்வது வீட்டு உரிமையாளரின் கடமை.

வெப்பநிலையும் ஈரப்பதனும்

பகலில் 20 அல்லது 21 பாகையும், உரிமையாளரே வாழும் வீட்டில் இரவில் 17 அல்லது 18 பாகையும் போதுமானவை. கடுங்குளிர் முன்னறிவிப்பு இருக்கும் இரவில் மட்டும் இவ்விறக்கத்தைத் தவிர்ப்பது நன்று. ஏனெனில் நீண்டநேரம் குளிர்ந்த சுவர்களுக்குள் நீர்க்குழாய் உறையக்கூடும். காலையில் வீட்டை மீண்டும் சூடாக்க ஃபேர்னஸ் மணிக்கணக்கில் ஓடவும் நேரும். வெளிச்சுவரை ஒட்டிய சமையலறைத் தொட்டியின் கீழ்க்கதவுகளை அத்தகைய இரவில் திறந்துவைத்தால் அறையின் வெப்பம் குழாய்களை எட்டும்.

வீட்டினுள் ஈரப்பதனை 30 விழுக்காட்டை ஒட்டியும், வெளியே –20 பாகையை நெருங்கும்போது அதற்குக் குறைவாகவும் வைத்திருத்தல் ஏற்றது. ஃபேர்னஸோடு இணைந்த ஈரமூட்டியை இளம்குளிருக்கு அமைத்த அளவிலேயே கடுங்குளிரிலும் விட்டுவிட்டால், சாளரக் கண்ணாடியில் நீர் வழிந்து, மரச்சட்டம் உளுத்து, பூஞ்சை பிடிக்கிறது. சோறும் குழம்பும் இட்டலியும் நாள்தோறும் ஆவியை எழுப்பும் சமையலறைகளில் புகையிழுக்கும் விசிறியைச் சமைக்கும்போதே ஓடவிடுவது பயன்தரும். ஆனால் பழைய புகைபோக்கியில் இணைந்த நீர்ச்சூடாக்கி உள்ள வீட்டில், வலிய விசிறிகள் வீட்டுக் காற்றை வெளியே இழுப்பதால் புகை உள்ளே திரும்பும் வாய்ப்பு உண்டு. அங்கே சாளரத்தைச் சிறிது திறந்துவைப்பதும், வெளியேற்றம் சரியாக உள்ளதா எனத் தொழில்நுட்பரிடம் சோதிப்பிப்பதும் தேவை.

வெப்பப் பம்பு உள்ள வீடுகள்

வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தைத் திரட்டி உள்ளே கொணரும் மின்கருவியாகிய வெப்பப் பம்பு, அண்மைக்காலத்தில் ஃபேர்னஸுக்குத் துணையாகவோ மாற்றாகவோ பொருத்தப்படுகிறது. அதன் வெளிப்பகுதியில் பனி மிகுதியாகப் படிவது கடுங்குளிரில் அன்று. காற்று ஈரமாக இருக்கும் 0 பாகையை ஒட்டிய நாள்களிலேயே ஆகும். அப்போது கருவி தன் ஓட்டத்தைச் சற்று நேரம் எதிர்த்திசையில் திருப்பி, படிந்த பனியை உருக்குகிறது. அவ்வேளையில் எழும் வெண்ணிற ஆவி பழுதின் அடையாளமன்று. உருகிய நீர் அடித்தட்டில் தேங்கி உறையாதிருக்க, வெளிப்பகுதி பனிமட்டத்துக்கு மேலே தாங்கியில் நிற்க வேண்டும். கூரைநீர் அதன்மேல் சொட்டக்கூடாது. இயங்கும் காலத்தில் அதைத் துணியால் மூடக்கூடாது. படிந்த பனிக்கட்டியைக் கூரிய பொருளால் குத்தினால் மெல்லிய அலுமினியத் தகடுகளும் குளிர்மிக் குழாயும் சிதைந்துவிடும்.

உறைமழையும் மின்தடையும்

வாயுவால் எரியும் ஃபேர்னஸும் மின்சாரமின்றி இயங்காது என்பதைப் பலரும் முதன்முறை உணர்ந்தது 2013 டிசம்பர் 21, 22ஆம் நாள்களில் ரொறன்ரோவைத் தாக்கிய உறைமழையின்போது ஆகும். மரக்கிளைகள் பனிக்கட்டியின் பாரத்தால் முறிந்து மின்கம்பிகளில் விழ, நகரில் ஏறத்தாழ 300,000 இணைப்புகள் மின்சாரத்தை இழந்தன. சில குடும்பங்கள் நத்தார் பண்டிகையைத் தாண்டியும் இருளிலும் குளிரிலும் இருந்தன.

மின்தடையின்போது ஃபேர்னஸின் மின்சுவிட்சை அணைத்து வைத்து, மின்சாரம் திரும்பிச் சில நிமிடங்கள் கழிந்த பின் போட்டால், திடீர் மின்னேற்றம் கருவியின் மின்சுற்றுப் பலகையைத் தாக்காமல் தடுக்கலாம். தடை நீண்டு வீட்டின் உட்புறம் உறைநிலையை நெருங்குமாயின், முதன்மை நீர் வாயிலை மூடி, மிகத் தாழ்ந்த குழாய்களைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால், குழாய்க்குள் அகப்பட்ட நீர் செம்பையும் பிளந்துவிடும். ஒடுக்கவகை ஃபேர்னஸின் வளைபொறியிலும் நீர் நிற்பதால், நெடுநாள் வெப்பமின்றி விடப்படும் வீட்டில் அதையும் தொழில்நுட்பரைக் கொண்டு வடித்தல் வேண்டும்.

குளிரைத் தாங்கமுடியாமல் கரியடுப்பையோ, வெளிப்புற வாயு அடுப்பையோ, மின்பிறப்பாக்கியையோ வீட்டினுள்ளும் கராஜிலும் இயக்குதல் எக்காரணத்தாலும் கூடாது. இவை வெளியிடும் காபன் மொனொக்சைட் நிறமும் மணமும் அற்றது. குருதி ஒட்சிசனை ஏற்றுச் செல்லும் ஆற்றலை அது கெடுப்பதால் தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவை தோன்றி உயிரிழப்பில் முடியலாம். மின்பிறப்பாக்கியை வீட்டின் கதவு சாளரங்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வெளியே நிறுத்த வேண்டும். ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் 2008 டிசம்பரில், வாயுக் கணப்பின் வெளியேற்றப் பாதை அடைபட்டதால் ஒரு குடும்பத்தின் நால்வரும் இந்நஞ்சுக்குப் பலியாகினர். அக்குடும்பத்தின் பெயரால் அறியப்படும் சட்டத்தின் வழியே, எரிபொருட் கருவியோ இணைந்த கராஜோ உள்ள வீடுகளில் உறங்கும் இடங்களின் அருகே காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி 2014 முதல் கட்டாயமாயிற்று. நிலவறையில் உறங்குவோருக்கும் அது உரியது. ஒவ்வொரு தளத்திலும் ஒன்று வைக்க வேண்டும். கருவி ஒலித்தால் சாளரத்தைத் திறக்கவும் காரணத்தைத் தேடவும் நில்லாமல், அனைவரும் வெளியேறி 911ஐ அழைக்க வேண்டும்.

வீட்டைப் பூட்டிச் செல்லுங்கால்

டிசம்பர் விடுமுறையிலும் தைப்பொங்கலை ஒட்டியும் இலங்கைக்கோ தமிழகத்துக்கோ பல வாரங்கள் செல்லும் குடும்பங்கள் பல. அவர்கள் இல்லாத வீட்டில் ஃபேர்னஸ் நின்றால், அது தெரியவருவதற்குள் குழாய்கள் வெடித்துத் தளங்கள் நீரில் மூழ்கியிருக்கும். வெப்பநிலையை 15 பாகைக்குக் குறையாமல் அமைத்து, தெர்மோஸ்டாட்டின் மின்கலத்தைப் புதுப்பித்து, முதன்மை நீர் வாயிலை மூடி, நம்பத்தக்க உறவினர் ஒருவரிடம் திறப்பை ஒப்படைத்துச் செல்லுதல் வேண்டும். வருபவர் வெளிச்சுவர்க் குழாய்களின் பனியையும் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லி, அவற்றின் இடத்தை நேரிற் காட்டிவிடுதல் இன்றியமையாதது. குளிர்காலத்தில் சில நாள்களுக்கு மேல் ஆளில்லாத வீட்டை ஒருவர் ஒழுங்காக வந்து பார்க்காமலோ, நீரை மூடி வடிக்காமலோ இருந்தால், உறைந்த குழாயால் வரும் சேதத்துக்கு இழப்பீடு தர மறுக்கும் நிபந்தனை பல காப்புறுதி ஒப்பந்தங்களில் உண்டு. பயணச்சீட்டு வாங்கும்போதே அந்நிபந்தனையைப் படித்துப் பார்ப்பது அறிவுடைமை.

தகுதியுள்ள கையும் வீட்டாரின் கண்ணும்

ஒன்ராறியோவில் வாயுக் கருவிகளைத் திறந்து பழுதுபார்க்க உரிமம் பெற்றவர்களே தகுதியுடையோர். தொழில்நுட்பத் தரநிலைகள் மற்றும் பாதுகாப்பு ஆணையம் அவ்வுரிமங்களை வழங்குகிறது; ஜி2 உரிமம் உள்ளவர் வீட்டு ஃபேர்னஸைத் தனித்து ஆய்வு செய்யலாம், ஜி3 உரிமம் உள்ளவர் மேற்பார்வையின் கீழேயே பணிபுரியலாம். செப்ரம்பரிலோ ஒக்ரோபரிலோ ஆண்டுக்கொருமுறை உரிமம் பெற்ற தொழில்நுட்பரை அழைத்து, சுடர் உணரியைத் துடைத்தல், வளைபொறியைக் கழுவுதல், வெப்பமாற்றியைச் சோதித்தல், வாயு அழுத்தத்தை அளத்தல் ஆகியவற்றைச் செய்விக்க வேண்டும். கருவி ஆபத்தானது என்பதைக் குறிக்க அவர் அதில் சிவப்பு அட்டை கட்டினால், அதைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்துதல் சட்டத்துக்கும் உயிருக்கும் எதிரானது. அழைக்காமல் வாசலுக்கு வந்து ஃபேர்னஸ் ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்பது 2018 மார்ச் முதல் ஒன்ராறியோவில் தடைசெய்யப்பட்டுள்ளதால், அவ்வாறு வருபவருக்குக் கதவைத் திறக்க வேண்டியதில்லை.

எஞ்சியவை அனைத்தும் வீட்டாரின் கையிலேயே உள்ளன. வானிலை அறிவிப்பில் வெப்பநிலை 0 பாகையைக் கடக்கப்போகிறது என்று கேட்கும் ஒவ்வொரு முறையும், வெளியே சென்று இரு குழாய்களையும் வாயு அளவுமானியையும் பார்த்து, நிலவறைக்கு இறங்கி வடிநீர்க் குழாயையும் வடிகட்டியையும் நோக்கித் திரும்பப் பத்து நிமிடங்கள் போதும். வீட்டில் உள்ள பெரியவர் முதல் பதின்மவயதுப் பிள்ளை வரை ஒவ்வொருவரும், ஃபேர்னஸின் மின்சுவிட்சும் முதன்மை நீர் வாயிலும் எங்கே உள்ளன என்பதை இன்றே நேரிற் பார்த்து அறிந்துகொள்ளட்டும். நள்ளிரவில் வீடு குளிரத் தொடங்கும்போது அந்த அறிவே முதலில் உதவும்.